சுனில் குப்தா: அடுத்தவர் படத்துக்குச் சுவரில் இடம் பிடித்தவர்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளை எல்லாரும் பார்ப்பார்கள். யாருடைய புஷ்பக் காவடி பெரிசு, யார் நன்றாக ஆடினார் என்று பேச்சு நாலு நாளைக்கு ஓடும். ஆனால் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர் யார், படியில் கூட்டத்தை வரிசையாக விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் காவடி மேலே போய்ச் சேராது.

கலை உலகத்திலும் இந்த மாதிரி ஒரு வேலை உண்டு. அந்த வேலை செய்கிறவரைத்தான் க்யூரேட்டர் என்கிறார்கள். படம் வரைகிறவரும் எடுக்கிறவரும் கலைஞர். ஆனால் எந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவது, யார் படத்துக்குப் பக்கத்தில் யார் படம், கூட வரும் புத்தகத்தில் என்ன எழுதுவது, வாடகைக்கும் பிரேம் போடவும் பணம் எங்கிருந்து வரும்... இத்தனையும் க்யூரேட்டர் தலையில்தான். சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலை.

இந்த இரண்டு வேலையையும் சேர்த்து நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் செய்து வருகிற ஒரு இந்தியர்தான் சுனில் குப்தா. புகைப்படக் கலைஞர், 1953-ல் தில்லியில் பிறந்தவர். அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன் டேட் மியூசியத்தின் தொகுப்பில் இருக்கின்றன. ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுசாகப் படித்துப் பார்த்தால், தான் எடுத்த படங்களை விட மற்றவர்களுக்காக அவர் ஏற்படுத்திய இடங்கள்தான் பெரிய சொத்து என்று தோன்றும். அது எப்படி என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

வார்த்தைகள் பற்றி ஒரு குறிப்பு

இந்த விஷயத்தைத் தமிழில் எழுதும்போது முதல் தடுமாற்றமே வார்த்தையில்தான். பழைய பத்திரிகைகளில் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதுவார்கள். அது ஒரு மனிதரை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது என்பதால் இப்போது பலரும் 'தன்பாலீர்ப்பாளர்' என்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி என எல்லாரையும் சேர்த்துச் சொல்ல 'குயர்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'பால்புதுமையினர்' என்ற தமிழ்ச் சொல்லும் வழக்கில் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியலையே தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. மரியாதையான சொல் கிடைப்பதற்கே ஒரு கோர்ட் கேஸ் தேவைப்பட்டிருக்கிறது!

எம்.பி.ஏ.வை விட்ட மாணவர்

சுனில் குப்தாவின் குடும்பம் 1969-ல் தில்லியை விட்டுக் கனடாவின் மாண்ட்ரீல் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1969 ஜூனில் நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவில் இருந்த ஸ்டோன்வால் என்ற பாரில் போலீஸ் ரெய்டு நடந்து, அதை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. இன்று உலகம் முழுக்க ஜூன் மாதத்தில் நடக்கும் பிரைடு ஊர்வலங்களுக்கு அதுதான் தொடக்கம். அதே 1969-ல் கனடா தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, 21 வயது நிரம்பிய இருவரின் அந்தரங்கம் குற்றமாகாது என்றது. ஆக, 377-வது பிரிவு இருந்த நாட்டிலிருந்து கிளம்பிய ஒரு பதினாறு வயதுப் பையன், கதவு திறந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் போய் இறங்கினார்.

அங்கே அவர் படித்தது வணிகவியல். எந்த நடுத்தர வர்க்கத்து இந்தியக் குடும்பமும் சந்தோஷப்படும் படிப்பு. ஆனால் கல்லூரி வளாகத்தில் தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கம் சூடு பிடித்திருந்தது. அதில் சேர்ந்தார், நண்பர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். பிறகு எம்.பி.ஏ. படிக்க நியூயார்க் போனார்.

எம்.பி.ஏ. முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டு, நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்தில் லிசெட் மாடல் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். வார இறுதிகளில் கேமராவோடு கிறிஸ்டோபர் தெருவில் நடப்பார். எதிரே வருகிற ஆண்களைப் படம் எடுப்பார். பட்டப்பகலில், பயமில்லாமல், ஜோடியாக நடந்து போகிறவர்கள். 1976-ல் எடுத்த அந்தப் படங்கள் 'கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் 2018-ல்தான் புத்தகமாக வந்தன. அந்தத் தெருவில் அப்போது நடந்தவர்களில் பலரை அடுத்த பத்து வருஷத்தில் எய்ட்ஸ் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், சாதாரணத் தெருப் படங்களாக அவற்றைப் பார்க்க முடியாது.

பிறகு லண்டனுக்குப் போய்ப் புகைப்படக் கலையை முறையாகப் படித்தார். 1983-ல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் முதுகலை முடித்தார்.

முகம் காட்டாத படங்கள்

கலைக் கல்லூரியில் அவரை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. உலகக் கலை வரலாறு முழுக்கத் தேடினாலும் தன்னைப் போன்ற ஒருவர், அதாவது தன்பாலீர்ப்புள்ள ஒரு இந்திய ஆண், எந்தப் படத்திலும் இல்லை. பேரேட்டில் பதியாத வரவு செலவு கணக்குப்படி நடக்கவே இல்லை என்றுதான் ஆகும். மனிதர்களுக்கும் அதே கதிதான். படம் இல்லை, எழுத்து இல்லை என்றால் 'இங்கே அப்படி யாரும் இருந்ததில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்.

லண்டனில் இருக்கும் ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரி அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 1986-87-ல் தில்லிக்கு வந்து 'எக்ஸைல்ஸ்' என்ற வரிசையை எடுத்தார். 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்று பொருள். சொந்த ஊரிலேயே நாடு கடத்தப்பட்டவர்கள் என்பதுதான் அதில் இருக்கும் வலி. இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, ஹவுஸ் காஸ் என்று தில்லியின் பிரபலமான இடங்களில் ஆண்கள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொள்கிற அதே இடங்கள். ஆனால் பல படங்களில் முகம் தெரியாது. முதுகு காட்டியிருப்பார்கள், அல்லது வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள். படத்தோடு அவர்கள் பேச்சிலிருந்து சில வரிகள் இருக்கும்.

ஏன் இந்த ஜாக்கிரதை? காரணம் சட்டம். 1860-ல் பிரிட்டிஷ்காரர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவுக்குப் பத்து வருஷம் வரை, ஏன் ஆயுள் வரைக்கும்கூடத் தண்டனை தரலாம் என்றது. போலீஸ் மிரட்டலுக்கும் பணம் பறிப்புக்கும் அது வசதியான ஆயுதம்.

ஓவியருக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. அதே காலத்தில் பரோடாவில் பூபேன் கக்கர் (1934–2003) இருந்தார். இவரும் கணக்குத் துறைக்காரர்தான், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1981-ல் அவர் வரைந்த 'யூ கான்ட் ப்ளீஸ் ஆல்' என்ற ஓவியத்தில், ஒரு மனிதர் உடம்பில் துணியில்லாமல் மாடியில் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னைத்தான் வரைந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அது ஓவியம், கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. புகைப்படத்தில் இருப்பவர் நிஜமாகவே அந்த இடத்தில் நின்றவர். சட்டத்தின் பார்வையிலும் அக்கம்பக்கத்தார் பார்வையிலும் அது சாட்சி. அதனால்தான் குப்தாவின் படங்களில் முகங்கள் திரும்பியிருக்கின்றன.

ஒரு சுவரிலிருந்து ஒரு சங்கம்

இந்த இடத்தில் பெரும்பாலான கலைஞர்கள் அடுத்த படத்தை எடுக்கப் போயிருப்பார்கள். குப்தா வேறு ஒரு கேள்வியையும் கையில் எடுத்தார். எடுத்த படத்தை மாட்ட இடம் எங்கே?

1980-களின் லண்டன் கேலரிகளில் கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்போது பிரிட்டன் அரசியலில் 'பிளாக்' என்ற சொல்லுக்கு ஆப்பிரிக்கர், கரீபியர், இந்தியர், பாகிஸ்தானியர் என வெள்ளையர் அல்லாத எல்லாரும் சேர்ந்த அணி என்று அர்த்தம். தனித்தனியாகத் தட்டினால் திறக்காத கதவைச் சேர்ந்து தட்டினார்கள். 1986-ல் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் ஆர்ட் கேலரியில் 'ரிஃப்ளெக்ஷன்ஸ் ஆஃப் த பிளாக் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற புகைப்படக் கண்காட்சி நடந்தது. குப்தாவும் அதில் பங்கெடுத்தார். அதே வருஷம் ஜீன் ஃபிரேசருடன் சேர்ந்து, தன்பாலீர்ப்புள்ள கலைஞர்களின் படங்களுக்காக 'சேம் டிஃபரன்ஸ்' என்ற கண்காட்சியை அமைத்தார்.

பிரிக்ஸ்டன் கண்காட்சியோடு எல்லாரும் கலைந்து போயிருக்கலாம். போகவில்லை. அங்கே சேர்ந்தவர்கள் பேசிப் பேசி 1988-ல் ஒரு சங்கத்தை உண்டாக்கினார்கள். பெயர் 'ஆட்டோகிராஃப்', கறுப்பினப் புகைப்படக் கலைஞர்கள் சங்கம். தொடங்கியவர்களில் குப்தாவும் ஒருவர். முதல் தலைவர் ரோட்டிமி ஃபானி-கயோடே. நைஜீரியாவில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் குடும்பத்தோடு பிரிட்டன் வந்தவர், அவரும் தன்பாலீர்ப்பாளர். 1989 டிசம்பரில், 34 வயதில் இறந்துபோனார்.

முதல் தலைவரை இவ்வளவு சீக்கிரம் இழந்த சங்கம் மூடப்பட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்டோகிராஃப் நிலைத்தது. 2007-ல் கிழக்கு லண்டனில் ரிவிங்டன் பிளேஸ் என்ற சொந்தக் கட்டடத்துக்கே குடிவந்தது. கண்காட்சிக்கும் சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கண்காட்சி சில வாரத்தில் முடிந்துவிடும், சங்கத்தில் அடுத்த தலைமுறை வந்து சேரும்.

28-வது பிரிவும் எய்ட்ஸும்

சங்கம் பிறந்த அதே 1988-ல் பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. உள்ளாட்சிச் சட்டத்தின் 28-வது பிரிவு. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது, அதை ஒரு 'பாசாங்குக் குடும்ப உறவாக' ஏற்கும்படி பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு.

மேலோட்டமாகப் பார்த்தால் யாரையும் ஜெயிலில் போடாத சட்டம். ஆனால் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். நூலகம், பள்ளிக்கூடம், ஊர் கேலரி எல்லாம் நடப்பது உள்ளாட்சிப் பணத்தில். அந்தப் பணத்துக்கு நிபந்தனை போட்டுவிட்டால் போதும், மீதியைப் பயம் பார்த்துக்கொள்ளும். அதிகாரிகள் தாங்களாகவே 'இந்தப் படம் வேண்டாம், இந்தப் புத்தகம் வேண்டாம்' என்று ஒதுக்கத் தொடங்குவார்கள். ஸ்காட்லாந்தில் 2000-லும் இங்கிலாந்து, வேல்ஸில் 2003-லும்தான் இந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

குப்தா பதிலுக்கு ஒரு படவரிசை எடுத்தார். தலைப்பு, சட்டத்தின் வாசகத்திலிருந்தே: 'பிரிட்டெண்டட் ஃபேமிலி ரிலேஷன்ஷிப்ஸ்'. ஜோடிகளின் படங்கள், கூடவே கவிதை வரிகள், ஓரத்தில் எதிர்ப்பு ஊர்வலத்தின் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஒரு கீற்று.

அடுத்து எய்ட்ஸ். 1987-ல் பிரிட்டிஷ் அரசு டி.வி.யில் கல்லறைக் கல்லைக் காட்டி விளம்பரம் செய்து, வீட்டுக்கு வீடு துண்டறிக்கை அனுப்பியது. நோயைப் பற்றிய பயம் நோயாளிகளின் மேல் வெறுப்பாக மாறிய காலம் அது. நம் பக்கத்திலும் கதை அதே காலத்தில்தான் தொடங்குகிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். அதுவரைக்கும் 'இதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்றே பலரும் நினைத்தார்கள்.

இந்தச் சூழலில் 1990-ல் டெஸ்ஸா பாஃபினும் சுனில் குப்தாவும் சேர்ந்து 'எக்ஸ்டாடிக் ஆன்டிபாடீஸ்' என்ற கண்காட்சியையும் அதே பெயரில் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். எய்ட்ஸைச் சுற்றிக் கட்டப்பட்ட கதைகளை எதிர்ப்பதுதான் நோக்கம். பத்திரிகைகளில் அப்போது எய்ட்ஸ் என்றாலே எலும்பும் தோலுமான நோயாளி, ஆஸ்பத்திரிக் கட்டில், சாவு என்ற படங்கள்தான். அதற்கு மாற்றாக, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கலைஞர்களே தங்கள் ஆசை, கோபம், துக்கம் எல்லாவற்றையும் தங்கள் படங்களில் சொன்னார்கள். கண்காட்சி முடிந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அதில் என்ன இருந்தது என்று இன்று தெரிவதற்குக் காரணம் அந்தப் புத்தகம்தான்.

ஐந்து வருஷம் கழித்து, 1995-ல், தனக்கே எச்.ஐ.வி. இருப்பது குப்தாவுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாக வந்தது. உயிர் பிழைத்தார். தன் உடம்பையும் சிகிச்சையையும் வைத்து 1999-ல் 'ஃப்ரம் ஹியர் டு எட்டர்னிட்டி' என்ற வரிசையைச் செய்தார். 'எக்ஸைல்ஸ்' காலத்தில் மற்றவர்களின் முகத்தை மறைத்துக் காப்பாற்றியவர், தன் முறை வந்தபோது தன் முகத்தை மறைக்கவில்லை.

எல்லைக் கோடுகள்

1990-களில் அவர் கண்காட்சி அமைப்பாளராகவே அதிகம் உழைத்தார். 1990-ல் 'ஆன் எகானமி ஆஃப் சைன்ஸ்' என்ற பெயரில் சமகால இந்தியப் புகைப்படக் கலைஞர்களை லண்டனில் அறிமுகப்படுத்தினார். கண்காட்சிகள் நடத்துவதற்காக 'ஓவா' என்ற அமைப்பை ஏற்படுத்தினார். 1993-ல் 'டிஸ்ரப்டட் பார்டர்ஸ்' என்ற தொகுப்பைப் பதிப்பித்தார். நாடு, இனம், பாலினம் என்று போடப்பட்ட எல்லைக் கோடுகள் யார் வசதிக்காகப் போடப்பட்டவை என்று கேட்கிற தொகுப்பு அது.

திருத்தணிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் இந்தப் பக்கம் வந்தது. ஊர் நகரவில்லை, மலை நகரவில்லை, காகிதத்தில் கோடுதான் நகர்ந்தது. ஆனால் அந்தக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பள்ளிக்கூடத்து மொழியும் ஆபீஸ் மொழியும் மாறும். 377-வது பிரிவும் அப்படி ஒரு கோடுதான். அதற்குள் இருந்த மனிதர்கள் மாறவில்லை. கோடு நகர்ந்தபோது குற்றவாளி குடிமகன் ஆனார், திரும்பி நகர்ந்தபோது குடிமகன் குற்றவாளி ஆனார். அது எப்படி என்பது அடுத்த பகுதியில்.

மல்ஹோத்ரா வீட்டுப் பார்ட்டி

2000-களின் நடுவில் குப்தா மறுபடி தில்லிக்கு வந்து சில வருஷம் தங்கினார். எச்.ஐ.வி.யோடு வாழ்கிற, ஐம்பது வயது தாண்டிய ஒருவர், சட்டம் இன்னும் மாறாத சொந்த ஊருக்கு விரும்பித் திரும்புகிறார். அங்கே இளைஞர்கள் நடத்திய 'நிகா' என்ற குழு 2007-ல் குயர்ஃபெஸ்ட் என்ற விழாவைத் தொடங்கியபோது அவர்களோடு நின்றார். 2008-ல் ராதிகா சிங்குடன் சேர்ந்து 'க்ளிக்!' என்ற பெரிய இந்தியப் புகைப்படக் கண்காட்சியைத் தில்லி வதேரா ஆர்ட் கேலரியில் அமைத்தார்.

அந்தக் காலத்தில்தான் 'மிஸ்டர் மல்ஹோத்ராஸ் பார்ட்டி' படவரிசை பிறந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தில்லியில் தன்பாலீர்ப்பாளர்கள் கூட வேண்டுமென்றால் வெளிப்படையாக போர்டு வைக்க முடியாது. யாரோ ஒருவர் பெயரில் தனிப்பட்ட பார்ட்டி என்று இடத்தை புக் செய்வார்கள். வாசலில் 'இன்று மல்ஹோத்ராவின் பார்ட்டி' என்ற மாதிரி எழுதியிருக்கும். தில்லியில் மல்ஹோத்ரா என்பது நம் ஊரில் முருகன், குமார் என்பது போல. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வரிசையில் இருப்பவர்கள் தில்லித் தெருக்களில், பட்டப்பகலில், கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தங்கள் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும்! அதே ஊர், அதே கலைஞர். 'எக்ஸைல்ஸ்' எடுத்ததற்கும் இதற்கும் இருபது வருஷ இடைவெளி. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தியாவில் நடந்த மாற்றத்துக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

2009 ஜூலை 2-ல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஏ.பி. ஷாவும், சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய நீதிபதி எஸ். முரளிதரும், வயது வந்த இருவரின் சம்மதத்தோடு நடக்கும் உறவுக்கு 377 பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதையும் மாற்றி, அந்தக் குற்றச்சாட்டை முடிவாக நீக்கியது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்குச் சமமான பிரிவே இல்லை. ஆனால் தன்பாலினத் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. கோடு இன்னும் நகர வேண்டியிருக்கிறது.

சட்டம் மட்டும் மாறினால் போதாது என்பதற்கும் குப்தாவின் வாழ்க்கையிலேயே சாட்சி உண்டு. 2012 மார்ச்சில் தில்லி அலியான்ஸ் ஃபிரான்சேஸ் மையத்தில் அவருடைய 'சன் சிட்டி' கண்காட்சி நடந்தது. யாரோ புகார் கொடுக்க, போலீஸ் வந்தது, கண்காட்சி மூடப்பட்டது. இது நடந்தது 2009 தீர்ப்புக்குப் பிறகு, உறவு குற்றம் இல்லை என்றிருந்த காலத்தில்! கோர்ட்டில் கிடைத்த இடம் சுவரில் கிடைக்கவில்லை.

குறை என்று சொன்னால்

ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது. குப்தா மேல் வைக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. வெளிநாட்டில் வளர்ந்தவர், ஆங்கிலத்தில் பேசுகிற கலை உலகத்தைச் சேர்ந்தவர். தெருவில் பெயரோடு நின்று போஸ் கொடுக்கும் தைரியம், வேலையும் வீடும் உள்ளவர்களுக்குத்தான் சுலபமாக வரும். அது இல்லாதவர்களின் படம் எங்கே?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் அவர் பக்கத்திலிருந்தே வந்தது. அவருடைய வாழ்க்கைத் துணையான சரண் சிங் தில்லியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர், எச்.ஐ.வி. விழிப்புணர்வுப் பணியில் இருந்தவர். ஆங்கிலச் சொற்களுக்குள் அடங்காத கோத்திகளையும் ஹிஜ்ராக்களையும் ஸ்டுடியோவில் கம்பீரமாக நிறுத்திப் படம் எடுத்தவர். இருவரும் சேர்ந்து 2016-ல் 'டெல்லி: கம்யூனிட்டீஸ் ஆஃப் பிலாங்கிங்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். தன்னால் பார்க்க முடியாததைப் பார்க்கிற ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வதும் க்யூரேட்டர் குணம்தான்.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் இதே வேலையைக் கேமராவுக்கு முன்னால் எழுத்து செய்தது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதி முதலில் எழுதியது தன் கதையை இல்லை. மற்ற திருநங்கைகளிடம் போய்ப் பேசி, அவர்கள் அனுபவங்களைத் தொகுத்து 2004-ல் 'உணர்வும் உருவமும்' என்று வெளியிட்டார். தன் சுயசரிதை ஆங்கிலத்தில் 2010-லும் தமிழில் 'வெள்ளை மொழி' என்று 2011-லும் பிறகுதான் வந்தது. முதலில் அடுத்தவருக்கு இடம், பிறகு தனக்கு. சுனில் குப்தா லண்டனில் செய்ததும் ரேவதி இங்கே செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை. 2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' வந்தது. பின்னர் அவரும் ஏஞ்சல் கிளாடியும் ஜீ செம்மலரும் சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கி மேடையிலும் இடம் பிடித்தார்கள்.

2008-ல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 2009 ஜூனில் சென்னை மெரினாவில் முதல் பிரைடு ஊர்வலம் நடந்தது. இவை திடீரென்று நடந்தவை அல்ல. புத்தகம், நாடகம், கூட்டம் என்று முன்பே இடம் போட்டு வைத்தவர்கள் இருந்தார்கள்.

கணக்கு முடிப்பு

2020 அக்டோபரில், கொரோனா காலத்தின் நடுவே, லண்டன் ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரியில் சுனில் குப்தாவின் மொத்த வாழ்க்கைப் பணியையும் காட்டும் கண்காட்சி தொடங்கியது. 'எக்ஸைல்ஸ்' எடுக்கச் சொல்லி அவரைத் தில்லிக்கு அனுப்பிய அதே கேலரி. அதை அமைத்த க்யூரேட்டர் மார்க் சீலி. அவர் யார்? 1988-ல் குப்தாவும் நண்பர்களும் தொடங்கிய அதே ஆட்டோகிராஃப் சங்கத்தின் இயக்குநர். இடமே இல்லாத காலத்தில் மற்றவர்களுக்காகப் போட்ட பந்தலில், முப்பத்திரண்டு வருஷம் கழித்து அவருக்கே நாற்காலி போட்டார்கள்.

நண்பர்களே, கலை என்றால் கேலரிக்குப் போகிற பணக்காரர்கள் விஷயம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் 'எக்ஸைல்ஸ்' காலத்துத் தில்லியில் முதுகைக் காட்டி நின்ற அந்த மனிதருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. அந்தப் படம் எடுக்கப்படாமல் போயிருந்தால், எடுத்தபின் யாரும் மாட்டாமல் போயிருந்தால், அவர் அங்கே நின்றதற்கே ஆதாரம் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. முகம் தெரியாவிட்டாலும், அவரும் கணக்கில் ஏறிவிட்டார்.